வலப்பக்கத்து வெளிச்சம்

“அந்த வைத்தியர் கல்லோட பச்சைப் படத்தைக் காட்டுங்க, டாக்டர்.”

கேட்டுவிட்டாள். கேட்கவே கூடாது என்று குழுவில் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்த ஒன்றை, பிஸ்கட் தட்டு கைமாறிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டுவிட்டாள். டீச்சரம்மாவின் டீ டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. இன்சூரன்ஸ்காரர் கடித்த பிஸ்கட்டை மெல்ல மறந்தார்.

பல் டாக்டர் மட்டும் சிரித்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டுப் பிழைத்தவர். யார் வாயைத் திறந்தாலும் அவருக்குப் பதற்றம் வராது.

“முதல்ல உட்காரு, கண்ணாடி. வந்ததும் வராததுமா என்ன இது?”

“உட்கார வரல.”

அவள் பெயர் கண்ணாடி இல்லை. அது டாக்டர் வைத்த பட்டம். சில பேர் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவார்கள், சில பேர் மத்தியானம் வரை தூங்குவார்கள். இந்தக் குழு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். யாரும் கேட்டு வராத கற்களைக் கழுவி, படம் எடுத்து, மங்கிப்போன எழுத்தைப் படித்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடும். டாக்டர் படம் எடுப்பார். டீச்சரம்மா படித்துச் சொல்வார். இன்சூரன்ஸ்காரர் அளவு எடுப்பார்; “இங்க யாரும் பாலிசி வேணாம்னு கதவைச் சாத்த மாட்டாங்க” என்று வாராவாரம் அதே ஜோக்கை அடிப்பார். அவளுக்குக் கிடைத்த வேலை கண்ணாடி பிடிப்பது.

தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போனால்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். முகத்தில் வெயிலே படாத கல் என்றால் தள்ளி வெயிலில் நின்று, கண்ணாடியில் பிடித்து, வெளிச்சத்தைக் கல்லின் மேல் சாய்த்து விட வேண்டும். அதற்கு அவள் வீட்டு உடைந்த பீரோவின் கதவுக் கண்ணாடியையே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அந்தக் கண்ணாடி அவள் இடுப்பளவு உயரம். டாக்டரின் விரல் மேலே, கீழே, ‘அப்படியே’ என்று ஆட்டுவதைப் பார்த்துக் கொண்டே நிற்பாள். கண் கூசும், கை கடுக்கும், கல்லின் முகம் மட்டும் அவளுக்குத் தெரியாது. வீட்டிலேயே முதன்முதலில் பட்டம் வாங்கியவள், பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், இங்கே பீரோ கதவு.

அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை அதற்குப் பிறகு அவர் ஓராயிரம் தடவை சொல்லியாகிவிட்டது.

“குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கும்மா” என்றார் டீச்சரம்மா, டம்ளரைக் கீழே வைத்து. “பச்சைப் படம் கேட்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?”

கேமராவில் விழுந்தபடியே, கை வைக்காமல் இருக்கும் படத்துக்குத்தான் அவர்கள் அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். அதை டாக்டர் யாருக்கும் காட்டியதில்லை. “ஆபரேஷன் நடுவுல வாயைப் பொளந்துகிட்டுக் கிடக்கறவனை சொந்தக்காரங்களுக்குக் காட்டுவோமா? துடைச்சு, கொப்பளிக்க வெச்சு, சிரிக்க வெச்சுத்தானே வெளிய அனுப்புவோம்?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

“தெரியும் டீச்சர். தெரிஞ்சுதான் கேட்கறேன். இன்னைக்கு எங்க மாமா கல்லறைத் தோட்டக் கமிட்டியில எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டு, ரூமைக் காலி பண்ணப் போறாரு. செய்யாததுக்கு.”

“செய்யாததுக்கா?” டாக்டரின் சிரிப்பு ஒரு பக்கமாக ஒதுங்கியது. “அவரே ஒத்துக்கிட்டாரே.”

அதுதான் சிக்கலே. மாமாவே ஒத்துக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் அவள் அம்மாவின் தம்பி. கல்லறைத் தோட்டத்தின் காவலாள். வாசல் கேட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் அவருக்கு வீடு, வாசல், எல்லாம். அப்பா இல்லாத அவளைத் தோளில் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். அவள் புத்தகத்தை எந்தப் பக்கம் திறந்து படிக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. கல்லில் வெட்டிய எழுத்தும் ஒன்றுதான், கோழி கிளறிய தடமும் ஒன்றுதான் அவருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை வைத்தியர் குடும்பம் வந்திருந்தது. இந்த ஊருக்கு முதன்முதலில் அம்மை குத்தியவர் என்று பேர் வாங்கிய வைத்தியர். எங்கே புதைத்தார்கள் என்று அவர் வம்சத்துக்கே தெரியாமல் போயிருந்தது. அவர் கல்லைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பல் டாக்டர் படத்தோடு போட்டார். படத்தில் பெயர், தொழில், வருஷம் எல்லாம் அச்சடித்த மாதிரி. செய்தித்தாளில் டாக்டர் முகம் வந்தது. குடும்பம் பூவோடு வந்தது. வைத்தியரின் கொள்ளுப்பேத்தி, தலை நரைத்த அம்மாள், கல்லுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து விரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

கல் மொட்டையாக இருந்தது.

எழுத்து இல்லை. ஓரத்தில் வெட்டியிருந்த கொடி மட்டும் சுற்றிலும் ஓடியது. எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் திரும்பி வாளியோடு நின்ற மாமாவைப் பார்த்தார். “என்ன ஊத்திக் கழுவினே?” என்று ஒரே கேள்வி. மாமா வாளியைக் கீழே வைத்தார். “பளிச்சுனு இருக்கணும்னு சொன்னீங்களே சார்... கக்கூஸுக்கு ஊத்தற ஆசிட்டு...” என்றார். அவ்வளவுதான். அம்மை குத்திய வைத்தியரை இரண்டாவது தடவை சாகடித்தவர் என்று பேர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். முதல் சந்தேகம், வெட்கக்கேடு, மாமா மேல்தான். மறுநாள் வேலை முடிந்து நேராக அவர் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் ஆசிட் கேன், அதன் மேல் கோணியைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

“எதுக்கு மாமா மூடி வெச்சிருக்கே?”

“பார்க்கப் பிடிக்கல பாப்பா.”

“யாராவது ஊத்தச் சொன்னாங்களா?”

“கழுவச் சொன்னாங்க. ஊத்துனது நானு. விடேன். தப்புப் பண்ணவன் நான், உனக்கு எதுக்கு இந்தத் துப்பறியற வேலை?”

“ஊத்தறதுக்கு முன்னாடி எழுத்து இருந்துச்சா?”

மாமா அவளை உற்றுப் பார்த்தார். “இருந்திருக்கும். படத்துல இருக்குன்றாங்களே. எனக்கு என்னடி தெரியும், எழுத்தா கீறலான்னு?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “டாக்டர்கிட்ட போய் எதுவும் கேட்டு வைக்காதே. உன் வேலை அவர் கையில இருக்கு. எனக்கென்ன, எங்கயாவது போய் ஒரு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.”

அம்மாவும் அதையேதான் சொன்னாள். “உரல்ல தலையைக் கொடுத்துட்டு உலக்கைக்குப் பயப்படக் கூடாதுன்னு உன் மாமனே பேசாம இருக்கான். நீ ஏன்டி குதிக்கறே?”

குதிக்காமல் எப்படி இருப்பது? அவள் போய் அந்தக் கல்லைப் பார்த்தாள். பகலில், தனியாக, விரல் வைத்து. கொடியின் ஒவ்வொரு இலையும் நறுக்கென்று இருந்தது, நகம் உள்ளே போய் நின்றது. எழுத்து இருக்க வேண்டிய நடுப்பகுதி எப்போதோ, எத்தனையோ மழையில் பொரிந்து உதிர்ந்து சொரசொரத்துக் கிடந்தது. ஆசிட் ஊற்றினால் எல்லாவற்றையும்தானே தின்னும்? எழுத்தை மட்டும் படித்துப் பார்த்துத் தேடித் தின்றதா?

அதோடு விடவில்லை. டாக்டர் போட்ட படத்தை எக்ஸ்ரே அறையில் வேலை ஓய்ந்த நேரத்தில் போனில் திறந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு: இடம் வலம். ஒவ்வொரு படத்திலும் எந்தப் பக்கம் எது என்று ஈய எழுத்தை வைத்துத்தான் எடுப்பார்கள். அது மாறினால் நல்ல காலை வெட்டிவிடுவார்கள். அந்தப் பயத்தோடு பார்க்கிற கண், மற்றவர்கள் பெயரையும் வருஷத்தையும் பார்த்த இடத்தில், நிழலைப் பார்த்தது.

மாமா வெட்டிய குழிகளுக்குள் சின்னப் பிள்ளையில் இறங்கி விளையாடியவள் அவள். காலை வெயிலில் குழிக்குள் நின்றால் கிழக்குச் சுவர் இருட்டு, மேற்குச் சுவர் வெளிச்சம். பள்ளம் என்றால் அப்படித்தான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கச் சுவர் இருட்டாக இருக்கும். கல்லில் வெட்டிய எழுத்தும் ஒரு சின்னக் குழிதானே? படத்தில் கொடியின் வெட்டெல்லாம் இடப்பக்கம் கறுத்திருந்தது. சரி, அவள் இடப்பக்கம் நின்றுதான் கண்ணாடி பிடித்தாள். எழுத்தெல்லாம் வலப்பக்கம் கறுத்திருந்தது.

மறுபடி பார்த்தாள். கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தாள். எழுத்துக்கு வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்திருந்தது. படத்தையே திருப்பிப் போட்டிருந்தால் கொடியும் சேர்ந்து திரும்பியிருக்கும். ஒரே கல், ஒரே நேரம், ஒரே கண்ணாடி, இரண்டு பக்கத்து வெளிச்சம்.

அந்தக் கல்லுக்கு வலப்பக்கம் மதில். ஒரு கை நுழையும் இடைவெளி, அவ்வளவுதான். அங்கே கண்ணாடி அல்ல, ஓணான் நின்றாலும் ஒருக்களித்துத்தான் நிற்க வேண்டும்.

அந்தப் படம்தான் இப்போது சட்டம் போட்டு, அவர்கள் கூடியிருந்த டாக்டரின் பழைய கிளினிக் சுவரில், பல் வரிசைப் படத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. தொழிலை விட்டுவிட்டாலும் அவர் எதையும் தூக்கிப் போடவில்லை. நோயாளி நாற்காலி அப்படியே இருந்தது. அதில் கேமரா மல்லாந்து கிடந்தது. கண்ணாடி அலமாரி நிறைய ஊர்க்காரர்களின் பல் அச்சுகள், சிரித்தபடி.

“பச்சைப் படம் இல்லம்மா. அழிச்சுட்டேன்” என்றார் டாக்டர்.

“செத்துப்போனவங்க பல்லு அச்சையே அலமாரியில வெச்சிருக்கீங்க. படத்தை அழிச்சுட்டீங்களா?”

இன்சூரன்ஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றப் பார்த்து, பிஸ்கட் தொண்டையில் சிக்கியது.

“இங்க பாரு, உன் வருத்தம் எனக்குப் புரியுது. அதுக்காக...”

“எனக்கு வருத்தம் இல்ல சார். சந்தேகம்.” அவள் சுவரருகே போய்ப் படத்தின் மேல் விரலை வைத்தாள். “டீச்சர், இங்க வாங்க. இந்தக் கொடியில இருட்டு எந்தப் பக்கம் இருக்கு?”

“இடப்பக்கம்.”

“எழுத்துல?”

டீச்சரம்மா இடுப்பிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார். வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருத்தியவர். ஒருவன் இன்னொருவனைப் பார்த்து எழுதியிருந்தால் வாசனையிலேயே கண்டுபிடிப்பார். அந்த வாசனை இப்போது அடித்திருக்க வேண்டும். வெகுநேரம் நிமிரவில்லை.

“நான் கல்லைப் பார்த்துப் படிக்கல” என்றார், யாரையும் பார்க்காமல். “படம் எடுத்த அன்னைக்கு முட்டி வலின்னு வண்டியிலயே இருந்துட்டேன். டாக்டர் அனுப்புன படத்தைப் பார்த்துத்தான் படிச்சேன்.” பிறகு, “இந்த எழுத்தோட வால்... நாம முன்னாடி போட்ட அந்தக் கப்பல்காரர் கல்லுல இருக்கே, அதே வால். டாக்டர், அதே கீறல்கூட இருக்கு.”

“அந்தக் காலத்துல ஒரே கொத்தன் பத்துக் கல்லு வெட்டியிருப்பான்” என்றார் டாக்டர்.

“ஒரே கொத்தன் வெட்டலாம் சார். ஒரே கீறல் எப்படி விழும்?”

டாக்டர் எழுந்தார். எழுந்து தொட்டியில் கை கழுவினார். அழுக்கில்லாத கையை அவர் கழுவிய விதத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

“அங்கதான் அவர் இருக்கார்” என்றார், துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு. “அவர் செத்த வருஷத்து வரிசை, அந்தக் கொடி. வேற யாரா இருக்கும்? கல்லு வாயைத் திறக்கல. நான் கொஞ்சம் திறந்து வெச்சேன். விழுந்த பல்லு இருந்த இடத்துல ஒரு பல்லைக் கட்டறது பொய்யா? அந்த அம்மா எத்தனை சந்தோஷமாப் போன்ல அழுதாங்க தெரியுமா?”

“கல்லு முன்னாடியும்தான் அழுதாங்க. அதுக்கு யார் பேரைச் சொன்னீங்க?”

“நான் சொல்லலையே. உங்க மாமாதான் ஆசிட்னு தானா வந்து மாட்டிக்கிட்டார்.”

“நீங்க மாட்ட விட்டீங்க.”

டாக்டர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினார். குரலில் பழைய டாக்டர் வந்தார், ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிறவர்.

“சரி. இப்ப என்ன வேணும் உனக்கு? உன் மாமா அந்த ரூம்லயே இருக்கட்டும். கமிட்டிகிட்ட நான் பேசறேன். தெரியாமப் பண்ணிட்டார், வயசானவர், மன்னிச்சுடலாம்னு நானே சொல்றேன். நான் சொன்னா கேட்பாங்க. படத்தை மட்டும் விட்டுடு. யாருக்கு என்ன நஷ்டம்?”

மாமாவுக்கு அறை இருக்கும். அவளுக்கு வேலை இருக்கும். அம்மாவுக்குத் தூக்கம் வரும். கேட்டவுடன் கை நீட்டி வாங்கிக்கொள்ளக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் வருகிறவர் போகிறவரெல்லாம் மாமாவைக் காட்டி, ‘அந்தக் கல்லைப் பாழாக்கினானே, அவன்தான், பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்க’ என்பார்கள். மாமாவும் கேட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து விடுவார். சாகிற வரை அந்தக் கோணியைத் தூக்கிப் பார்க்க மாட்டார்.

“செய்யாத தப்புக்கு மன்னிப்பா? அதைவிட ரூமைக் காலி பண்ணிடலாம்” என்றாள்.

“மாமாவைக் கேட்டியா?”

“ஆசிட் ஊத்துனேன்னு சொல்லு, எழுத்தை அழிச்சேன்னு சொல்லாதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஊத்துனது அவர் தப்பு, அதுக்குத் திட்டு வாங்கட்டும். இல்லாத எழுத்தை அவர் எங்க போய் அழிப்பாரு?”

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்திருந்த பீரோ கதவுக் கண்ணாடியை அவள் எடுத்துக் கையிடுக்கில் வைத்தாள். அதன் விளிம்பில் அம்மா சின்ன வயதில் ஒட்டிய பொட்டு இன்னும் உரியாமல் இருந்தது.

“அதை எங்க கொண்டு போறே?” டாக்டரின் குரல் முதல் தடவையாகத் தடுக்கியது.

“எங்க வீட்டுக் கண்ணாடி. அந்த அம்மாவைக் கல்லுகிட்ட வரச் சொல்லியிருக்கேன், கமிட்டி கூடறதுக்கு முன்னாடி. நேத்தே பேசியாச்சு. அவங்க கையாலயே பிடிக்கச் சொல்லப் போறேன். இடப்பக்கம் நின்னு பிடிக்கட்டும், மதிலுக்கும் கல்லுக்கும் நடுவுல நின்னும் பிடிக்கட்டும், முடிஞ்சா.”

“நேத்தே பேசிட்டியா? அப்புறம் எதுக்கு இங்க வந்து பச்சைப் படம் கேட்டே?”

“நீங்களே எடுத்துக் காட்டுனா நீங்களே வந்து சொல்லலாம்னு நெனச்சேன். ஒரு வாய்ப்பு.”

“அவங்க வைத்தியர் கல்லு எதுன்னு கேட்டா என்ன சொல்லுவே? அதையும் பிடுங்கிக்கப் போறியா அந்த அம்மாகிட்டேயிருந்து?”

இந்தக் கேள்வி தைத்தது. ராத்திரி படுக்கையில் அவளே தனக்குக் கேட்டுக்கொண்டதுதான். அந்த நரைத்த தலை கல்லில் சாய்ந்திருந்தது கண்ணிலேயே நின்றது.

“தெரியலைன்னு சொல்லுவேன். இவரா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கல்லுல படிக்க முடியலைன்னு சொல்லுவேன். நம்ம வேலையே அதுதானே சார்?”

“வெளிய காலை வெச்சா திரும்ப வராதே” என்றார் டாக்டர். “ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“போடுங்க. அங்கயும் இடம் வலம் தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு பார்த்துடலாம்.”

செருப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை, காலில்தான் இருந்தது. டீச்சரம்மா சுவரிலிருந்த படத்தை ஆணியிலிருந்து கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார், முட்டி வலியோடு. அது உதவியா, ஒளித்து வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நின்று பார்க்க நேரமும் இல்லை.

கண்ணாடி வாசற்படியில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி வெளியே வந்தாள். தெருவில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. கையிடுக்கிலிருந்த கண்ணாடி அதைப் பிடித்து எதிர்ச்சுவரில் எறிந்தது. கடைக்கதவு, சைக்கிள், மூடிக்கிடந்த ஜன்னல் என்று ஒன்றொன்றாக உரசிக்கொண்டு அந்த வெளிச்சத் துண்டு அவளுக்கு முன்னால் போயிற்று. பின்னால் டாக்டர் கூப்பிடுவது கேட்டது. இந்தத் தடவை பட்டப்பெயரை விட்டுவிட்டு, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் நடையைக் கூட்டினாள்.